வானங்குத்தி மேலே வந்த கதை

அடிநாட்டின் புனித ஆயுதமான வானங்குத்தியை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த ஒரே ஆள், இந்தத் தங்கவயல் முழுக்கத் தேடினாலும், நான் ஒருவன்தான்.

இது பொய். நான் தூக்கவில்லை, தரையில் இழுத்துக்கொண்டு வந்தேன். தலைக்கு மேலே என்பதும் பொய், அது என் முழங்காலைத் தாண்டவில்லை. அது வானங்குத்தியும் இல்லை. இவ்வளவையும் கழித்துவிட்டால் மீதி அத்தனையும் உண்மை: ஒரு பையன் இருந்தான், அவன் கையில் ஓர் இரும்பு இருந்தது, அது அவனுடையது இல்லை.

முதலில் அடிநாடு எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். வரைபடத்தில் தேட வேண்டாம். நான் பள்ளிக்கூடம் போன கொஞ்ச காலத்தில் வரைபடத்தில் எந்த ஊரையும் கண்டுபிடித்ததில்லை, கடலைக்கூடக் கண்டுபிடித்ததில்லை. அதனால் அடிநாடு அதில் இல்லை என்று அடித்துச் சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. அது என் மாமா சொன்ன நாடு.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர். தங்கவயலின் கோரமண்டல் பகுதியில், சுரங்கக்காரர்களுக்காக வரிசையாகக் கட்டிய எங்கள் லைன் வீட்டில் எங்களோடுதான் இருந்தார். சுரங்கத்தில் அவர் பார்த்த வேலை வேடிக்கையான வேலை. கீழே வெடி வைத்துப் புகை அடங்கியதும் முதல் ஆளாக உள்ளே போவார். கையில் ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. அதனால் தலைக்கு மேலே இருக்கிற பாறையைத் தட்டிப் பார்ப்பார். 'ணங்' என்று கேட்டால் கெட்டி. 'டொப்' என்று கேட்டால் உள்ளே விரிசல், எப்போது வேண்டுமானாலும் யார் தலையிலாவது விழும். அதைக் குத்தி, நெம்பி, தானே கீழே தள்ளிவிட வேண்டும். மாமா தட்டி முடித்து 'வாங்க' என்று குரல் கொடுத்த பிறகுதான் மற்றவர்கள் உள்ளே வருவார்கள்.

வேலை போன பிறகும் தட்டுகிற பழக்கம் மட்டும் போகவில்லை. சுவரைத் தட்டுவார். தண்ணீர்ப் பானையைத் தட்டுவார். கடையில் பூசணிக்காய் வாங்க அனுப்பினால் எல்லாப் பூசணிக்காயையும் தட்டிவிட்டு எதையும் வாங்காமல் வருவார். என் தலையை ஒருமுறை விரல் மடக்கித் தட்டி, காதை வைத்துக் கேட்டு, "தொங்கிக்கினு கீது. எப்ப வேணா விழும்" என்றார். அது இன்றுவரை விழாமல் இருப்பது எனக்கே ஆச்சரியம்தான்.

சுரங்கக் கம்பெனியை மூடி ஒரு வருஷம் ஆகியிருந்தது. அப்பா வேறொரு ஃபேக்டரியில் ஃபிட்டர், அவருக்கு மூடுகிற கவலை இல்லை. மாமாவுக்குத்தான் காலையில் எழுந்து போக இடம் இல்லை. அவர் தங்கவயலிலேயே பாலகாட் பக்கம் ஒரு பழைய ஷாஃப்ட்டுக்கு, சுரங்கத்துக்குள் இறங்கும் கிணற்றுக்கு, போவார். அதைச் சுற்றிச் சுவர் எழுப்பியிருந்தார்கள். சுவரில் ஓர் ஓட்டை. அந்த ஓட்டை வழியாக ஒரு கல்லைப் போட்டுவிட்டுக் காதை வைத்துக்கொண்டு நிற்பார். தண்ணீர் இறைக்கிற பம்பை நிறுத்தியதிலிருந்து சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. கல் விழுகிற சத்தம் எவ்வளவு சீக்கிரம் வருகிறதோ அவ்வளவு மேலே தண்ணீர் வந்துவிட்டது என்று கணக்கு. சுரங்கத்தின் ஒவ்வொரு தளமும் ஒரு லெவல். வீட்டுக்கு வந்து, "இன்னொரு லெவலும் முழுவிப் போச்சிக்கா" என்று அம்மாவிடம் சொல்வார்.

"நீ கல்லப் போட்டுப் போட்டே அத ரொப்பிடுவ போலகீது" என்பாள் அம்மா.

"தண்ணிய எறச்சிட்டா போதும். மறுநாளே ஷிஃப்ட்டு போலாம்."

அம்மா முறத்தை எடுத்துக்கொள்வாள். அப்பா பீடி பற்றவைப்பார்.

நான் மாமாவோடு ஷாஃப்ட்டுக்குப் போவேன். கல் பொறுக்கித் தருவது என் வேலை. அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போதுதான் அடிநாடு உண்டானது. நம் ஆட்கள் தோண்டிய கடைசி லெவலுக்கும் கீழே ஒரு நாடு இருக்கிறதாம். அங்கே ராஜா உண்டு, சந்தை உண்டு, கல்யாணம் உண்டு. வானம் மட்டும் கிடையாது. நமக்குத் தரையாக இருக்கிற பாறைதான் அவர்களுக்கு வானம். நாம் இங்கே வெடி வைத்தால் அங்கே இடி. நாம் துளை போட்டால் அங்கே தூசு மழை. தங்கத்தை அவர்கள் சாணி மாதிரி வீட்டுச் சுவரில் அப்பி வைத்திருப்பார்கள். "அப்ப சாணி?" என்று கேட்டேன். "அதப் பொட்டில வெச்சிப் பூட்டி வெச்சிருப்பாங்க" என்றார்.

பாறையாலான வானம் என்பதால் அது அடிக்கடி கழன்று தலையில் விழும். அதற்காக அந்த நாட்டு சாமி கொடுத்த ஆயுதம்தான் வானங்குத்தி. ஊர் எழுவதற்கு முன்னால் ஒரே ஒரு ஆள் அதை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி, வானத்தைக் குத்திக் குத்திப் பார்த்து, தொங்குகிற இடத்தையெல்லாம் தள்ளிவிடுவான். அவன் 'வாங்க' என்று சொன்ன பிறகுதான் ராஜாவே கதவைத் திறப்பான். வானங்குத்தி இதுவரை யாரையும் கொன்றதில்லை. எனக்கு அது கொஞ்சம் குறையாகத்தான் இருந்தது. "எதிரி கூடவா இல்ல?" என்று கேட்டேன். "வானமே தலமேல விழுதுடா. அப்பால எதிரி இன்னாத்துக்கு?" என்றார்.

அந்த ஆயுதத்துக்கு விதிகள் உண்டு. வெறும் வயிற்றோடு இருக்கிறவன் கையில் அது பஞ்சு. சாப்பிட்டவன் கையில் மலை. அதன் பிடியில் சிவப்புத் துணி சுற்றியிருக்கும், அந்தக் காவல்காரனுடைய அக்கா சுற்றிக் கொடுத்தது. ஒருநாள் அந்த நாட்டில் சங்கு ஊதி, எல்லாரும் அப்படியே போட்டுவிட்டு மேலே ஏறுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். நாளைக்கு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று காவல்காரன் வானங்குத்தியைப் பாறையில் சாத்திவிட்டு வந்துவிட்டான். நாளைக்கு என்பது வரவில்லை. அன்றிலிருந்து யாருக்கும் வானத்துக்குக் கீழே நடக்கத் தைரியம் இல்லை, எல்லாரும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் தண்ணீர் ஏறுகிறது இல்லையா? வானங்குத்தி தண்ணீரோடு மிதந்து, லெவல் லெவலாக மேலே வந்துகொண்டிருக்கிறது.

"இரும்பு மெதக்குமா மாமா?"

"சாமி இரும்பு மெதக்கும்."

நான் ஒத்துக்கொண்டேன். என்னோடு படித்த எல்லாரும் அந்த வருஷம் கூட்டல் வாய்ப்பாட்டைக் கற்றுக்கொண்டார்கள். நான் கற்றுக்கொண்டது இதைத்தான்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் அப்பா ஒரு செய்தியோடு வந்தார். அவருக்குத் தெரிந்த ஒருவர் மூலமாகப் பெங்களூரில் ஓர் ஆஸ்பத்திரியில் மாமாவுக்கு லிஃப்ட் ஓட்டுகிற வேலை. விஜயதசமி அன்று சாயங்காலத்துக்குள் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயாராக இருக்கிறான்.

"சொரங்கத்துக் கேஜ்ல ஏறி எறங்கினவன்தானே மச்சான் நீ? இதுவும் கேஜ்தான். மேல ஃபேன் ஒண்ணு சுத்தும், அவ்ளோதான்" என்றார் அப்பா.

"மேல போற கேஜ்ல எனக்கு இன்னா வேல?" என்றார் மாமா.

அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்வரை பொறுத்துக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்து, மாமாவுக்குக் கேட்கிற மாதிரி, "நாளைக்கழிச்சி இவன் போலன்னா, இவனுக்கும் எனக்கும் இந்த வூட்ல பேச்சில்ல" என்றார்.

மாமா அப்போது எடுத்துவிட்டார் ஒரு சட்டம். பூஜையில் வைத்த ஆயுதத்தை மறுநாள் எடுத்து, முதலில் அதை வைத்துக் கொஞ்சமாவது வேலை செய்ய வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்றது எதுவும். இது எங்கள் வீட்டில் அம்மா போட்ட சட்டம். போன வருஷம் சைக்கிள் செயின் கழன்றபோது பூஜையில் இருந்த ஸ்பேனரைத் தொடவிடாமல், அப்பாவை சைக்கிளோடு ஃபேக்டரிவரை நடக்கவைத்தவள் அவள்.

"என் ஆயுதம் கீழ கீதுக்கா" என்றார் மாமா. "அது மேல வராம நான் இன்னாத்த எடுத்து, இன்னா வேல செஞ்சிட்டு, அங்க போயி நிக்கறது? நீயே சொல்லு."

அம்மா தன் சட்டத்துக்குள் தானே மாட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அங்கே பாத்திரங்கள் வழக்கத்தைவிடச் சத்தமாகப் பேசிக்கொண்டன. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. என் அக்கா என்னைப் பார்த்தாள். "மாமா போகலன்னா அம்மா செத்துருவாங்கடா" என்றாள். அவள் எதையும் அப்படித்தான் சொல்வாள். ஆனாலும் நான் பயந்துவிட்டேன். அம்மா அழுதபடி பூஜை செய்தால் பொரியில் வெல்லம் போட மறந்துவிடுவாள் என்பதும் அதில் கொஞ்சம் உண்டு.

பெரியவர்கள் மூன்று பேரும் சிக்கலில் இருந்தார்கள். எனக்குச் சிக்கலே தெரியவில்லை. வானங்குத்தி மேலே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது. இவ்வளவு சின்ன விஷயத்துக்கு எதற்கு மூக்கைச் சிந்துகிறார்கள்?

மறுநாள் காலையில் இட்டிலி வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஷாஃப்ட்டுக்குப் போனேன். நான் இட்டிலி வேண்டாம் என்று சொன்னது அந்த வீட்டில் அதுதான் முதல் தடவை, அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஓட்டை வழியாகக் கல்லைப் போட்டேன். தண்ணீர்ச் சத்தம் கேட்டது. இன்னொரு கல். "வா" என்று கூப்பிட்டும் பார்த்தேன். என் குரல்தான் திரும்ப மேலே வந்தது, ஆயுதம் வரவில்லை. வயிறு வேறு கத்திக்கொண்டிருந்தது.

திரும்பி வரும் வழியில் எங்கள் லைன் முனையில் இருந்த போர் பம்பை, கையால் அடிக்கிற ஆழ்குழாய்ப் பம்பை, பார்த்தேன்.

அந்தப் பம்பின் கைப்பிடி எப்போதுமே கழன்று கழன்று விழும். போல்ட் போன இடத்தில் யாரோ கம்பியைச் செருகி முறுக்கி வைத்திருந்தார்கள். பெண்கள் காலைத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீடுகளுக்குள் கழுவுகிற சத்தம், தேங்காய் துருவுகிற சத்தம். நீளமான இரும்பு, கை பட்டுப் பட்டு ஒரு முனை பளபளவென்று இருந்தது. அன்று காலை வெயிலில் அதைப் பார்த்தபோது, சாமி கொடுத்ததென்றால் இப்படித்தான் இருக்கும் என்று தோன்றியது. அது வானங்குத்தி இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் வானங்குத்தி வரத் தாமதமாகிறது, பூஜைக்கு நேரமாகிறது. அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்று நினைத்தேன்.

முறுக்கிய கம்பியைப் பிரித்து இழுத்தேன். கைப்பிடி கழன்று என் கால் கட்டைவிரலுக்குப் பக்கத்தில் விழுந்தது. அப்போதுதான் மாமா சொன்ன விதியில் எனக்கு முதல் சந்தேகம் வந்தது. வெறும் வயிற்றோடுதான் இருந்தேன், ஆனாலும் அது மலையாகத்தான் கனத்தது. நேற்று ராத்திரி சாப்பிட்டது இன்னும் செரிக்கவில்லை போலிருக்கிறது என்று சமாதானம் செய்துகொண்டு, வீடுகளுக்குப் பின்பக்கமாக இழுத்துக்கொண்டு போனேன். எங்கள் வீட்டுக் கொடியில் அம்மாவின் சிவப்புப் பாவாடை காய்ந்துகொண்டிருந்தது. அதன் ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்துப் பிடியில் சுற்றினேன். அதன் பிறகு அது கிட்டத்தட்ட உண்மையாகவே வானங்குத்தி ஆகிவிட்டது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

உள்ளே பூஜைக்கு எல்லாம் வரிசையாக வைத்திருந்தார்கள். அப்பாவின் ஸ்பேனர், சுத்தியல், சைக்கிள் பம்பு. அம்மாவின் அரிவாள்மணை. அக்காவின் ஜியாமெட்ரி பாக்ஸ். என் பாடப்புத்தகத்தை முந்தின நாளே நான் ஓடிவந்து வைத்துவிட்டேன், பூஜையில் இருக்கிற புத்தகத்தைப் படிக்கக் கூடாது என்பதில் எனக்கு அவ்வளவு பக்தி. அந்தப் புத்தகத்தை மறுநாள் எடுக்க மறந்துவிட்டேன் என்றுதான் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் படிப்பு நின்றதற்குக் காரணம் கேட்கிறவர்களுக்கு அதுதான் பதில்.

அரிவாள்மணைக்குப் பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. வெறும் தரையில் நீளமாகச் சந்தனக் கோடு, மேலே மூன்று குங்குமப் பொட்டு, ஒரு செவ்வந்திப் பூ. அது மாமா வைத்தது. எதுவும் இல்லாத தரைக்கு அவர் பொட்டு வைத்திருந்தார். அப்பா அதைப் பார்க்காத மாதிரி கற்பூரத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் இரும்பை வாசற்படியில் 'டங்' என்று இடித்து உள்ளே இழுத்தேன். "மாமா! வானங்குத்தி மேல வந்துடுச்சி!"

அக்காதான் முதலில் பேசினாள். "டேய், இது போர் பம்பு கைப்பிடிடா!"

அப்பா திரும்பினார். அவர் கண் முதலில் இரும்பின் மேல் போனது. அம்மாவின் கண் சிவப்புத் துணியின் மேல் போனது. பாவாடைக்காக இப்போது முதுகில் விழும் என்று தோள்களைக் குறுக்கிக்கொண்டேன். விழவில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள்.

மாமா எழுந்து வந்தார். என் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். துணியை விரலால் தடவினார், அதன் கிழிந்த ஓரத்தை உள்ளே மடக்கி ஒழுங்காகச் செருகினார். விரலை மடக்கி இரும்பைத் தட்டி, காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார்.

"கெட்டி" என்றார்.

பிறகு என்னை விசாரித்தார். "எங்க கெடச்சிது?"

"ஷாஃப்ட்டுல. மெதந்துகினு வந்துச்சி."

"யாரு எடுத்தா?"

"நாந்தான்."

"துன்னியா?"

"இல்ல மாமா. காலைலேந்து ஒண்ணும் துன்னல."

"அதான்" என்றார். "துன்னாதவன் கைக்குத்தான் அது வரும்."

"மச்சான், அது நம்ம லைன் பம்போட..." என்று அப்பா ஆரம்பித்தார். அம்மா அவர் கையைப் பிடித்து அழுத்தினாள். அப்பா மீதியை விழுங்கிவிட்டார். புனித ஆயுதத்தின் முன்னால் பேசக் கூடாது என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மாமா அதை இரண்டு கையாலும் தூக்கினார். அவர் கையில் அது பஞ்சாகத்தான் இருந்தது. அவரும் அன்று காலையில் சாப்பிடவில்லை என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சந்தனக் கோட்டின் மேல் சரியாகப் பொருந்துகிற மாதிரி அதை வைத்துப் பொட்டுகளை இரும்பின் மேலே மறுபடியும் வைத்தார். அப்பா மணியை அடித்தார். அம்மா கற்பூரம் காட்டினாள்.

கற்பூரம் அணைவதற்குள் லைன் முனையில் சத்தம் கிளம்பியது.

"எந்தக் கட்டையில போறவன்டி கைப்பிடியக் கழட்டிக்கினு போனான்? நல்ல நாளும் அதுவுமா!"

மூலை வீட்டு அத்தையின் குரல் அது. அவர் கூப்பிட்டால் பக்கத்து ஊர் பூதிகோட்டையில் இருக்கிற மாடு திரும்பிப் பார்க்கும். தரையில் இரும்பு இழுத்த கோடு நேராக எங்கள் வாசலுக்கு வந்திருந்தது. என் திருட்டுத் திறமை அவ்வளவுதான். கோட்டைப் பிடித்துக்கொண்டு, இடுப்பில் காலிக் குடத்தோடு ஏழெட்டுப் பெண்கள் வந்து நின்றார்கள்.

அத்தை உள்ளே எட்டிப் பார்த்தார். கைப்பிடி சந்தனம் பூசிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, சாமிக்கு முன்னால் படுத்திருந்தது. திட்டத் திறந்த வாயை மூடி, முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு திட்டினார்.

"யக்கா, இன்னா இது? பம்பத் தூக்கியாந்து பூஜையில வெச்சிக்கினு கீறீங்க? மாவு அரைக்கத் தண்ணி இல்ல, பாத்திரம் கழுவத் தண்ணி இல்ல!"

"எடுத்துக் குடுத்துடுங்க" என்று பின்னாலிருந்து ஒருத்தி சொன்னாள்.

"பூஜையில வெச்சத இன்னிக்கி எப்டிடி எடுக்கறது?" என்று இன்னொருத்தி அவளை அடக்கினாள். "உன் வூட்டுக்காரர் ஆட்டோவத் தொட்டுப் பாரேன் இன்னிக்கி, தொட வுடுவியா?"

எடுத்தால் பாவம், எடுக்காவிட்டால் தண்ணீர் இல்லை. இவ்வளவு பெரிய தர்மசங்கடத்தை உண்டாக்கியவன் அரிவாள்மணைக்குப் பின்னால் நின்று பொரியை எண்ணாமல் தின்றுகொண்டிருந்தான்.

மாமாதான் வாசலுக்கு வந்தார். "இன்னிக்கி ஒரு நாளு பக்கத்து லைன்ல புடிச்சிக்கோங்க அத்த. நாளைக்கிக் காலைல நானே எடுத்து மாட்டி, எல்லா வூட்டுக்கும் நானே அடிச்சித் தரேன்."

"நீ நாளைக்கி பெங்களூரு போறேன்னு உங்க அக்கா சொல்லிச்சே?"

மாமா உள்ளே திரும்பி அந்த இரும்பைப் பார்த்தார். "அடிச்சிட்டுப் போறேன்" என்றார்.

அம்மா உள்ளே போய்ப் பொரியில் வெல்லத்தைக் கொட்டினாள். அதுவரைக்கும் நான் தின்றதில் வெல்லம் இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

மறுநாள் காலையில் நான் எழுந்தபோது வீட்டில் யாரும் இல்லை. எல்லாரும் பம்படியில் இருந்தார்கள். மாமா கைப்பிடியைப் பொருத்திப் பிடித்துக்கொண்டு நிற்க, அப்பா முழங்கால் போட்டு உட்கார்ந்து அதற்கு ஒரு புது போல்ட் போட்டு முடுக்கிக்கொண்டிருந்தார். பூஜையிலிருந்து எடுத்த ஸ்பேனருக்கு அந்த வருஷத்தின் முதல் வேலை அதுதான். "இன்னும் ஒரு சுத்து" என்று மட்டும் மாமா சொன்னார், அப்பா இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

அதன் பிறகு மாமா அடிக்க ஆரம்பித்தார். சிவப்புத் துணி சுற்றிய பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கீழே, மேலே, கீழே, மேலே. எங்கள் குடம் ரொம்பியது. மூலை வீட்டு அத்தையின் குடம் ரொம்பியது. பெண்கள் வரிசையாக வந்தார்கள், பிறகு இருக்கிற அண்டா, பக்கெட்டு, டிரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எல்லாம் ரொம்பியது. பக்கத்து லைன்காரர்கள்கூட வந்தார்கள்.

"போதும்பா, போதும். எங்க வூட்ல இனிமே வைக்க இடமில்ல" என்றார் அத்தை.

மாமா நிறுத்தவில்லை. பிடிக்க ஆள் இல்லாமல் தண்ணீர் தரையில் விழுந்து, சாக்கடையில் இறங்கி, தெருவில் ஓடியது. நாங்கள் பிள்ளைகள் எல்லாரும் அதில் குதித்து ஆடினோம். அந்த ஊரில் தெருவில் தண்ணீர் ஓடி நான் பார்த்தது அன்றுதான். மாமாவின் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. அவர் யாரையும் பார்க்கவில்லை. பம்பின் வாயைக்கூடப் பார்க்கவில்லை, தன் காலடியில் இருக்கிற தரையைப் பார்த்துக்கொண்டே அடித்தார்.

"வுட்றா தம்பி" என்றாள் அம்மா. "வண்டி போயிடும்."

"இரு அக்கா. இன்னும் கொஞ்சந்தான்."

கடைசியில் பம்பு இரும ஆரம்பித்தது. கொர கொரவென்று காற்றுத்தான் வந்தது. மாமா இன்னும் ரெண்டு அடி அடித்துப் பார்த்தார். பிறகு குனிந்து குழாயை விரலால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார்.

"காலி" என்றார்.

பிடியிலிருந்து சிவப்புத் துணியைப் பிரித்து, பிழிந்து, மடித்து, இடுப்பில் செருகிக்கொண்டார். வீட்டுக்குப் போய்ச் சட்டை மாற்றினார். அம்மா கட்டிக்கொடுத்த சோற்றுப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கோரமண்டல் ஸ்டேஷன்வரை அப்பா அவரை சைக்கிளில் வைத்து மிதித்துக்கொண்டு போனார். நான் சைக்கிளுக்குப் பின்னாலேயே ஓடினேன்.

"மாமா, வானங்குத்திய இன்னா பண்றது?"

"அதான் மேல வந்துடுச்சில்ல" என்றார் திரும்பாமலே. "இனிமே அத்தைங்க பாத்துப்பாங்க."

எனக்கு ஒரே சந்தோஷம். மாமா சுரங்கத்துத் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டார் என்று லைன் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். தண்ணீரை இறைத்துவிட்டால் மறுநாளே ஷிஃப்ட் போகலாம் என்று அவரேதானே சொன்னார்? மறுநாள் காலையில் சுரங்கத்தின் ஷிஃப்ட் சங்குச் சத்தத்துக்காகச் சீக்கிரம் எழுந்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதவில்லை. மூலை வீட்டு அத்தை கைப்பிடியை அடிக்கிற சத்தம்தான் கேட்டது. பம்பில் தண்ணீர் மறுபடியும் ஊறியிருந்தது.

அதற்குப் பிறகு மாமா ஷாஃப்ட்டில் கல் போடப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆஸ்பத்திரிக் கதைகள்தான். யார் யார் லிஃப்டில் அழுதார்கள், யார் குழந்தையோடு இறங்கினார்கள், மாடியை லெவல் என்று சொல்லி யாரிடம் திட்டு வாங்கினார். அடிநாட்டைப் பற்றிக் கேட்டால், "அந்த ஜனங்கல்லாம் மேல வந்துட்டாங்கடா" என்று முடித்துவிடுவார். ஒரு ராஜ்ஜியத்தை இவ்வளவு சுருக்கமாக யாரும் காலி செய்ததில்லை. எனக்கு அதில் ரொம்ப நாள் வருத்தம் இருந்தது. ஆனால் மாமாவை ஏமாற்றி வேலைக்கு அனுப்பியவன் நான் என்கிற பெருமை அந்த வருத்தத்தைவிடப் பெரியதாக இருந்தது. கல்யாணம் ஆகி எனக்குப் பிள்ளை பிறக்கிறவரைக்கும் அந்தப் பெருமை இருந்தது.

பிறகு ஒருநாள் அம்மா பழைய துணியைக் கிழித்துக் கரித்துணி போட்டுக்கொண்டிருந்தாள். சிவப்புத் துணி ஒன்று கைக்கு வந்ததும் நிறுத்தினாள். மாமா முதன்முதலாக ஷிஃப்ட் போன வாரம் உள்ளங்கை எல்லாம் கொப்புளமாக வந்தாராம். அவருடைய கம்பியில் சுற்றிக்கொள்ள அம்மாதான் தன் சிவப்புப் பாவாடையைக் கிழித்துக் கொடுத்தாளாம். துணி நைந்துபோகும்போதெல்லாம் வேறு கிழித்துக் கொடுப்பாளாம். கடைசி ஷிஃப்ட் அன்று அந்தக் கம்பியைக் கீழேயே சாத்திவிட்டு வந்திருக்கிறார், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று.

அப்போது எனக்குப் புரியாமல் இருந்தது அது ஒன்றுதான் என்றால் பரவாயில்லை. ஆயுள் முழுக்கப் பாறையைத் தட்டியே உயிரோடு வீடு திரும்பிய மனுஷனுக்கு, தினமும் தான் தண்ணீர் அடிக்கிற பம்பின் கைப்பிடியைத் தட்டிப் பார்த்தால் தெரியாதா? கையில் எடுப்பதற்கு முன்னாலேயே தெரியும். தெரிந்துதான் 'கெட்டி' என்றார். நான்தான் அவரை ஏமாற்றினேன் என்று இத்தனை வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். உண்மையில் அன்று அவருக்கு வேண்டியிருந்தது அந்த இரும்பே இல்லை. அதைக் கீழே விட்டுவிட்டு வந்தவரிடம், யாராவது ஒருத்தர், பொய்யாகவாவது, அது மேலே வந்துவிட்டது என்று...

"டேய்! அங்க இன்னாடா உக்காந்துகினு கீற? கொழாயில தண்ணி வந்துடுச்சி! வயசானவன் ஒத்த ஆளு எத்தினி கொடம் தூக்கறது? வா!"

வரேன் மாமா.